நூற்று நாற்பத்தைந்தாம் படி வரை

மோன்கிளேர் காசநோய் சானடோரியம்
1912 அக்டோபர் 6

அன்புள்ள ஒடில்,

காலை 37.2, மாலை 37.9. நலம் விசாரிப்புக்குப் பதிலாக இனி இந்த இரண்டு காய்ச்சல் எண்களையும் எழுதிவிடுகிறேன். இங்கே எல்லாரும் இப்படித்தான் வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். நீ எப்படி இருக்கிறாய்? அமியேனில் மூடுபனி இறங்கியிருக்கும். நூலகத்தில் கணப்பு மூட்டிவிட்டார்களா, இல்லை போன வருடம்போல நவம்பர் வரை கையுறையோடுதான் புத்தகப் பட்டியல் அட்டை எழுத வேண்டுமா?

நாள் முழுக்க மூன்று கம்பளிக்கு அடியில், மலையைப் பார்த்தபடி, திறந்த தாழ்வாரத்தில் படுத்திருக்கிறோம். அதற்குப் பெயர் சிகிச்சை. டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "முசியே, நுரையீரல் ஆறணும்னா மூளையும் படுத்திருக்கணும். சதுரங்கம், அரசியல், கணக்கு மூணும் கிடையாது." பள்ளியில் பன்னிரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனிடம் சொல்கிறார்.

பக்கத்துக் கட்டில்காரர் பெயர் பர்னபே. கால்வாய்ப் படகோட்டி. நான் என்ன முணுமுணுக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"நூத்தி நாப்பத்தொன்பது ரெண்டை வரிசையா வச்சுப் பெருக்கு. வர்றதுல ஒண்ணக் கழி. நாப்பத்தஞ்சு இலக்கம் வரும். அதை வேற ஏதாவது எண் மிச்சமில்லாம வகுக்குமா, வகுக்காதா? யாருக்கும் தெரியாது."

"வகுத்துப் பாக்க வேண்டியதுதான?"

"ஒவ்வொண்ணா வகுத்தா முடியறதுக்குள்ள சூரியன் அணைஞ்சிரும். ஒரு குறுக்கு வழி இருக்கு. நாலுல ஆரம்பி. அதை அதாலயே பெருக்கு, ரெண்டக் கழி, நம்ம எண்ணால வகு, மிச்சத்த எடுத்துக்க. அந்த மிச்சத்தை வச்சு மறுபடி அதையே செய். இப்படி நூத்தி நாப்பத்தேழு படி. கடைசியில பூஜ்யம் வந்தா அது பகா எண். எதனாலயும் உடையாது."

"அம்புட்டுப் பாடும் பட்டு கடைசில பூஜ்யமா? அதுக்கு எதுக்கய்யா மெனக்கெடணும்? நான் இப்பவே தர்றேன், வச்சுக்க."

சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. சிஸ்டர் க்ளோதில்ட் இரண்டு பேரையும் திட்டினார்.

ஒடில், டாக்டரிடம் நான் கணக்கை நிறுத்திவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். நீ நிறுத்தாதே. நம் விதி நினைவிருக்கிறதல்லவா? பூஜ்யத்துக்குச் சாட்சி வேண்டாம். வழி தவறிப் போன யாரும் தற்செயலாகப் பூஜ்யத்தில் போய் விழ முடியாது. வேறு எது வந்தாலும் அது ஊமை. எண் பகா எண் இல்லையா, அல்லது நாம் எங்கோ தவறினோமா என்று அது சொல்லாது. அதனால்தான் இரண்டு பேரும் தனித்தனியே போடுகிறோம். ஒருவர் மிச்சத்தை மற்றவர் முடியும்வரை பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் இரண்டு சாட்சியும் ஒரு சாட்சிதான்.

கிட்டத்தட்ட முந்நூறு வருடத்துக்கு முந்திய அந்தப் பாரிஸ் துறவி, இந்த வகைப் பகா எண்களுக்குத் தான் போட்ட பட்டியலில் இந்த எண்ணைச் சேர்க்கவில்லை. ஆனால் அவர் விட்டதில் இரண்டு பிறகு பகா எண் என்று தெரிந்தது. இது மூன்றாவதாக இருக்கும். இருக்க வேண்டும். உடையாத ஒன்றின்மேல் ஒரு தடவையாவது கை வைத்தேன் என்று எனக்குத் தெரிந்தால் போதும். மீதி எது எப்படிப் போனாலும் பரவாயில்லை.

ஒன்பதாலும் பதினொன்றாலும் சரிபார்த்தது,
கஸ்பார்


அமியேன்
1912 நவம்பர் 10

அன்புள்ள அண்ணா,

என் உடம்பில் காய்ச்சல் இல்லாததால் எழுத எண் இல்லை. நலம். உன் மாலை எண் 38-க்குள் இருக்கிறது என்று சிஸ்டர் எழுதியிருந்தார். அதை நான் நம்பலாமா?

கணப்பு இன்னும் மூட்டவில்லை. இருட்டிய பிறகு வீட்டுக்கார மதாம் வாசெரின் சமையலறையில் உட்கார்ந்து போடுகிறேன். அங்கேதான் கை விறைக்காது. அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே என் தாள்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "ஊர்ல பொண்ணுங்க காதல் கடிதம் எழுதி மறைச்சு வப்பாங்க. இவ பெருக்கல் வாய்ப்பாட்ட மறைச்சு வக்கிறா. யாரும்மா அந்த மாப்பிள்ளை?" "நாப்பத்தஞ்சு இலக்கம், மதாம்." "குட்டையா நெட்டையா?" "மேசைக்கு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும்." "அப்ப சாப்பாட்டுக்குக் கட்டுப்படியாகாது. விட்டுரு."

நேற்று 131-ஆம் படியில் ஒரு 4-ம் ஒரு 9-ம் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. ஒன்பதால் வகுத்துச் சரிபார்த்தால் சரியாகத்தான் இருந்தது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் அதற்குத் தெரியாது. பதினொன்றுதான் காட்டிக்கொடுத்தது. திரும்பப் போட்டேன். மீன் சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது. அதற்கும் அந்த எண்ணையே மதாம் திட்டினார்.

இன்னும் பதினாறு படி. உன் தலையணைக்கு அடியில் பென்சில் இருந்தால் எனக்குச் சொல்லாதே.

ஒன்பதாலும் பதினொன்றாலும் சரிபார்த்தது,
ஒடில்


மோன்கிளேர்
1912 டிசம்பர் 19

ஒடில்,

காலை 38.1, மாலை 39.

எழுத ஒன்றுமில்லை. கம்பளிக் காலுறை வந்தது.

கஸ்பார்


மோன்கிளேர்
1913 ஜனவரி 12

மரியாதைக்குரிய மத்மசேல் ஒடில் அவர்களுக்கு,

இறைவன் தங்களுக்கு நல்ல சுகம் தருவாராக. தங்கள் அண்ணன் கேட்டு நான் இதை எழுதவில்லை. அவருக்குத் தெரியவும் வேண்டாம்.

மூன்று வாரமாக அவர் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். பாலைத் தொடுவதில்லை. சனிக்கிழமை எடை பார்த்தபோது டாக்டர் முகம் மாறியது. பர்னபே எவ்வளவோ கிண்டல் செய்து பார்த்தார். "ஏம்ப்பா, பூஜ்யம் இன்னும் வந்து சேரலையா? தபால்ல வருதா, கழுதை மேல வருதா?" என்று கேட்டதற்குத் தங்கள் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பர்னபே அதன்பின் கிண்டலையே விட்டுவிட்டார். அது பெரிய அதிசயம்.

இந்த நோயில் மருந்து பாதிதான். மீதிப் பாதி படுத்திருப்பவர் எழுந்திருக்க நினைக்கிறாரா என்பது. தங்களிடம் நல்ல செய்தி ஏதாவது இருந்தால், சின்னதாக இருந்தாலும், சீக்கிரம் எழுதுங்கள்.

ஜெபத்தில் தங்களை நினைக்கும்,
சிஸ்டர் க்ளோதில்ட்


அமியேன்
1913 ஜனவரி 28

மதிப்புக்குரிய சிஸ்டர்,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பதில் எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டதற்கு மன்னியுங்கள்.

இந்த உறைக்குள் இன்னொரு உறை இருக்கிறது. அதை அண்ணனிடம் கொடுங்கள். அதில் என்ன இருக்கிறது என்பதை ஒருவராவது தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதால் உங்களுக்குச் சொல்கிறேன். ஜனவரி முதல் வாரம் நான் கணக்கை முடித்தேன். வந்தது பூஜ்யம் அல்ல. பூஜ்யம் என்று அவனுக்கு எழுதியிருக்கிறேன்.

இது பாவம் என்று எனக்குத் தெரியும். கனமான பாவமா, லேசானதா என்று உங்களிடம் கேட்கவில்லை. அவன் பால் குடித்தானா என்று மட்டும் எழுதுங்கள்.

ஒடில்

(உள்ளுறை)

அண்ணா,

பூஜ்யம்.

நாற்பத்தைந்து இடத்திலும் பூஜ்யம். துறவி தவறவிட்ட மூன்றாவது. நீ சொன்னபடியே ஆயிற்று.

எழுந்து ஏதாவது சாப்பிடு.

ஒடில்


மோன்கிளேர்
1913 பிப்ரவரி 9

என் அன்புள்ள ஒடில்,

காலை 37.4, மாலை 37.8! முட்டை இரண்டு, பால் மூன்று கோப்பை, பர்னபே ஒளித்துவைத்திருந்த திராட்சை ரசத்தில் ஒரு மிடறு. நீ எப்படி இருக்கிறாய்? தூங்கினாயா? மதாம் வாசெருக்கு என் முத்தங்களைக் கொடு. மாப்பிள்ளை உடையாதவன் என்று சொல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழுததை எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். பர்னபே தாழ்வாரம் முழுக்கக் கத்திச் சொன்னார்: "வந்துருச்சய்யா பூஜ்யம்! பத்திரமா வந்து எறங்கிருச்சு!" ஒன்றும் புரியாமலே பதினெட்டு நோயாளிகள் கை தட்டினார்கள். சிஸ்டர் மட்டும் தட்டவில்லை. அவருக்குச் சத்தம் பிடிக்காது.

இப்போது சொல்கிறேன். என் தலையணைக்கு அடியில் பென்சில் இருந்தது. டிசம்பர் நடுவில் நானும் முடித்துவிட்டேன். பூஜ்யம் வரவில்லை. ஏதோ ஒரு மிச்சம். தவறு எங்கோ இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் ஒவ்வொரு தாளும் சுத்தமாக இருந்தது. அப்புறம் சுவரைத் தவிர எதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. உன் கணக்கைக் கெடுத்துவிடக் கூடாதே என்றுதான் உனக்கு எழுதவில்லை.

இப்போது உனக்குப் பூஜ்யம். பூஜ்யம் தவறி வராது. ஆகவே தவறு என்னுடையது! தவறு செய்ததற்காக ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்பட்டு நீ பார்த்திருக்க மாட்டாய்.

எங்கே தவறினேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வாத்தியாருக்கு அந்த ஆசை இருக்காதா? கணக்கு முடிந்துவிட்டது, இனி விதி தடுக்காது. உன் நூறாவது மிச்சத்தை அனுப்பு. என்னுடையதோடு ஒத்துப்போனால் தவறு அதற்கு மேலே, ஒத்துப்போகாவிட்டால் கீழே. பாதி பாதியாகத் தள்ளிக்கொண்டே போனால் நாலைந்து கடிதத்தில் பிடித்துவிடலாம்.

ஒன்பதாலும் பதினொன்றாலும் (சரியாக) சரிபார்க்காத,
கஸ்பார்


அமியேன்
1913 மார்ச் 2

அன்புள்ள அண்ணா,

நலம். உன் எண்களைப் பார்த்துச் சந்தோஷம். தாமதத்துக்குக் காரணம் எங்கள் ஊர் ஆறு. போன வாரம் கரை புரண்டு நூலகத்தின் கீழறைக்குள் வந்துவிட்டது. சட்டப் புத்தகங்களை எல்லாம் கயிறு கட்டிக் காயப்போட்டிருக்கிறோம், துணி மாதிரி. ஈரமான சட்டம் பன்றித் தொழுவம்போல நாறும் என்று எனக்கு இதுவரை தெரியாது. காய்கறிப் படகுகள் மூன்று நாள் வரவில்லை. மதாம் வாசெர் பழைய டர்னிப்பையே ஏழு விதமாகச் சமைத்தார்.

தவறைத் தேடித்தான் ஆக வேண்டுமா? பூஜ்யம் கிடைத்துவிட்டது. இரண்டு வருடத் தாள்களைக் கட்டி வைத்துவிட்டு மலையைப் பாரேன். டாக்டர் சொன்ன மூன்றில் ஒன்றையாவது கேள்.

நூறாவது மிச்சம் தனித்தாளில் இருக்கிறது. என் தாளில் இருந்தபடியே எழுதியிருக்கிறேன்.

ஒடில்


மோன்கிளேர்
1913 மார்ச் 11

அன்புள்ள ஒடில்,

37, 37.5. உனக்கு? ஈரத்தில் நின்றுகொண்டு நீ இருமத் தொடங்கினால் இங்கே இடமில்லை, சொல்லிவிட்டேன்.

நூறாவது ஒத்துப்போகிறது! நாற்பத்தைந்து இலக்கமும். தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தடவிக்கொண்டே போனேன். என்னவென்று சொல்வது? இரண்டு பேர் தனித்தனிப் பாதையில், பனிமூட்டத்தில், நூறு மைல் நடந்து ஒரே மரத்தடியில் வந்து நின்றதுபோல.

பர்னபே இப்போது இந்தத் துப்பறியும் வேலையில் இறங்கிவிட்டார். "திருடன் நூறாம் வீட்டுக்கு மேலதான் இருக்கான். எல்லா வீட்டையும் தட்டாத, கடைசித் தெருவுக்கு நேரா போ" என்கிறார். அவர் யோசனைப்படி ஒரேயடியாகக் கேட்கிறேன்: 130, 145, 146. இதற்குள் அவன் சிக்கிவிடுவான்.

எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. நேற்று கைத்தடி இல்லாமல் கடைசிப் பைன் மரம் வரை நடந்தேன். இப்படியே போனால் கோடையில் கீழே இறங்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். சிஸ்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் உன்னைப் பற்றி விசாரிக்கிறார். ஏன் என்று தெரியவில்லை; உன்னை அவருக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது.

சரிபார்த்துக்கொண்டிருக்கும்,
கஸ்பார்


அமியேன்
1913 மே 4

அன்புள்ள அண்ணா,

உன் இரண்டு நினைவூட்டல்களும் கிடைத்தன. நலம்தான். நூலகத்தில் கணக்கெடுப்பு. அதற்குப் பிறகு கொஞ்சம் தலைவலி.

நீ கடைசிப் பைன் மரத்தையும் தாண்டிவிட்டாய் என்று சிஸ்டர் எழுதியிருந்தார். அந்த வரியைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

130, 145, 146 மூன்றும் தனித்தாளில்.

இதோடு விட்டுவிடு, அண்ணா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒடில்


மோன்கிளேர்
1913 மே 25

ஒடில்,

38, 38.8. நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

130 ஒத்துப்போகிறது. 145-ம் ஒத்துப்போகிறது. 146 ஒத்துப்போகவில்லை. உன்னுடையது, எழுபத்தைந்து இரண்டுகளைப் பெருக்கினால் வரும் எண். அடுத்த படியில் பூஜ்யம் வர வேண்டுமானால் எது வர வேண்டுமோ அதுவே. என்னுடையது வேறு ஏதோ.

ஆகத் தவறு ஒரே ஒரு படியில். 145-இலிருந்து 146-க்கு. நீயும் நானும் ஒரே எண்ணில் நின்றுகொண்டு, அதையே அதால் பெருக்கி, இரண்டைக் கழித்து, வகுத்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா என்று அன்றைக்கே திரும்பப் போட்டேன். என் பழைய விடையே வந்தது. மறுநாள் வலமிருந்து இடமாகப் போட்டேன். அதே விடை. மூன்றாம் முறை ஒவ்வொரு வரியையும் பர்னபேயை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நான்காம் முறை சிஸ்டரிடம் கொடுத்தேன். அவர் முதல் பக்கம் முடித்து இரண்டாம் பக்கத்தில் தொலைந்துபோனார். பாவம், தாளைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டார்.

பர்னபே சொன்னார்: "நீ தப்புப் பண்ணலேன்னா தங்கச்சி தப்பு. தங்கச்சி தப்புப் பண்ணலேன்னா நீ தப்பு. ரெண்டு பேருமே பண்ணலேன்னா கடவுள்தான் தப்பு. அவரை ஏன் சும்மா விட்ட?"

நான் சிரிக்கவில்லை. பூஜ்யம் தவறாது. ஆகவே என் தலைக்குள் ஏதோ ஒன்று, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், எனக்குத் தெரியாமல், அதே தவறைச் செய்கிறது. சரிபார்க்கும்போதும் அதுதான் சரிபார்க்கிறது. நேற்று ஏழையும் எட்டையும் பெருக்க வேண்டிய இடத்தில் பென்சிலை வைத்துவிட்டு, விடை வருமா என்று காத்திருந்தேன். வந்தது. ஆனால் அது ஐம்பத்தாறுதானா என்று எனக்கு நிச்சயமில்லை.

இன்னொரு விளக்கமும் இருக்கிறது. அதை நான் எழுதப் போவதில்லை.

என் 146, 147 இரண்டு மிச்சங்களையும் முழுதாக அனுப்புகிறேன். எங்கே தவறுகிறேன் என்று நீ பார்த்துச் சொல். என்னால் முடியவில்லை.

கஸ்பார்


அமியேன்
1913 மே 29

அண்ணா,

நீ நலமாக இல்லை என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே எழுதுகிறேன்.

உன் தலையில் எந்தக் கோளாறும் இல்லை. நீ எழுத மறுத்த விளக்கம்தான் உண்மை. எனக்குப் பூஜ்யம் வரவில்லை. ஜனவரியிலேயே வரவில்லை. நீ சாப்பிடாமல் கிடக்கிறாய் என்று தெரிந்து பொய் எழுதினேன். நீயும் முடித்திருப்பாய் என்றோ, உன் விடையைப் பார்த்துத்தான் சுவர்ப் பக்கம் திரும்பினாய் என்றோ அப்போது எனக்குத் தெரியாது. நீ நூறாவதைக் கேட்டாய். பொய் மிச்சம் ஒன்றைத் தயாரிக்கப் பார்த்தேன், முடியாது. எந்தப் படியில் பொய் சொன்னாலும் முந்தைய படியிலிருந்து நீ போட்டுப் பார்த்துவிடுவாய். பூஜ்யத்துக்கு முந்தைய ஒரே படிக்கு மட்டும்தான், அங்கே என்ன வந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடாமலே தெரியும். நீ நூறு, நூற்று முப்பது என்று ஏறி வந்துகொண்டே இருந்தாய். நான் ஒவ்வொரு படியிலும் உண்மையை எழுதிக்கொண்டு, மேலே ஒரே ஒரு பொய்யோடு நின்றுகொண்டிருந்தேன். நீ பைன் மரத்தைத் தாண்டி நடந்த செய்தி வந்த வாரத்தில் எப்படிச் சொல்வேன்?

என்னுடைய உண்மையான 146-ம் 147-ம் தனித்தாளில் இருக்கின்றன. உன்னுடையவற்றோடு வைத்துப் பார். ஒரு இலக்கம்கூட மாறவில்லை. இரண்டு பேர், இரண்டு ஊரில், ஒரே மிச்சம். அந்த எண் பகா எண் இல்லை. எதனால் உடையும் என்று தெரியாது. ஒருவேளை யாருக்கும் எப்போதும் தெரியாமல் போகலாம். ஆனால் உடையும் என்பதை நாம் காட்டிவிட்டோம். நீ காட்டினாய், எனக்கு முன்பே, கம்பளிக்கு அடியில்.

வேண்டுமானால் பெண்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியையிடம் 145-இலிருந்து போட்டுத் தரச் சொல்கிறேன். இரண்டே படிதான்.

என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. ஏழெட்டு ஐம்பத்தாறு.

ஒன்பதாலும் பதினொன்றாலும் சரிபார்த்தது,
ஒடில்


மோன்கிளேர்
1913 ஜூன் 22

அன்புள்ள ஒடில்,

கடிதம் கிடைத்தது. நீ நல்லவள். சின்ன வயதில் நான் தேர்வில் தோற்றபோது, வாத்தியார்தான் தப்பாகத் திருத்தினார் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். எட்டு வயது இருக்கும் உனக்கு. மாறவே இல்லை.

என் தலை கெட்டுவிட்டது என்று நான் எழுதினேன். கெடவில்லை என்று காட்ட நீ உன் பூஜ்யத்தையே விட்டுக்கொடுக்கிறாய். இரண்டு வருட உழைப்பில் கிடைத்ததை. அண்ணனுக்காக.

ஆனால் நீ அனுப்பிய இரண்டு மிச்சங்களும் நான் உனக்கு அனுப்பியவைதானே? அவற்றைப் பார்த்து எழுத ஒரு மணி நேரம் போதும். நீ கணக்குத் தாள்களையே அனுப்பினாலும், அந்த எண்ணில் போய் முடியும்படி ஒரு வாரத்தில் எழுதிவிடுவாய். உன் கை அவ்வளவு வேகம். நம் விதியை நான்தான் உடைத்தேன். இனி நம்மிடம் ஒரு சாட்சிதான் இருக்கிறது. அதுவும் நான். ஆசிரியை போட்டுத் தந்தாலும் அது உன் கை வழியாகத்தானே எனக்கு வரும்?

பூஜ்யத்தை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். வேறு எதுவும் தன்னைத் தானே நிரூபிக்காது. உன் இரண்டு கடிதங்களில் ஒன்றில் பூஜ்யம் இருக்கிறது. இன்னொன்றில் இரக்கம் இருக்கிறது.

இரவெல்லாம் யோசித்தேன். அந்த எண்ணைப் பற்றி நீ என்னிடம் பொய் சொன்னாய் என்று நம்புவதைவிட, என் தலை போய்விட்டது என்று நம்புவது எனக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது. அப்படியே இருக்கட்டும். எனக்கு இந்த ஒன்றை மட்டும் விட்டுவை.

பென்சிலை பர்னபேயிடம் கொடுத்துவிட்டேன். சீட்டாட்டத்தில் புள்ளி குறிக்கிறார். "வாத்தியாரே, கூட்டிச் சொல்லுங்க" என்று முதல் நாள் நீட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அவரே விரல் விட்டு எண்ணிக்கொண்டார். தாள்களைச் சிஸ்டர் எடுத்துப்போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

இனி எண் எதுவும் எழுதி அனுப்பாதே.

கஸ்பார்


அமியேன்
அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அண்ணா,

உன் அட்டை வந்தது. "நலம். சாப்பிடுகிறேன். மலையில் பனி தொடங்கிவிட்டது. நீயும் நலம்தானே?" இவ்வளவுதான் இருந்தது. காலைக் காய்ச்சலும் இல்லை, மாலைக் காய்ச்சலும் இல்லை. கையெழுத்து நேராகத்தான் இருக்கிறது.

நான் நலம். மூடுபனியில் எதிர் வீடு தெரியவில்லை. காய்கறிப் படகுகள் குரலாகத்தான் வருகின்றன. முதலில் "முட்டைக்கோஸ்" என்று கேட்கும், கொஞ்சம் கழித்துத்தான் படகு தெரியும். நூலகத்தில் இந்த வருடமும் கணப்பு மூட்டவில்லை. ஈரம் பட்ட சட்டப் புத்தகங்கள் காய்ந்துவிட்டன, ஆனால் மூட முடிவதில்லை. விசிறிபோல விரிந்தே நிற்கின்றன.

மதாம் வாசெர் சமையலறை மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எங்கம்மா உன் நீள மாப்பிள்ளை? கொஞ்ச நாளா காணோமே. கணக்கு முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு, மதாம்."

"கடைசில என்னதான் வந்துச்சு?"

நான் சொன்ன பதிலை இங்கே எழுதவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, சூப்பு ஆறுது" என்றார்.

உனக்குக் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறேன். பின்னும்போது கண்ணிகளை எண்ணாமல் இருக்கப் பழகிக்கொண்டு வருகிறேன். ஒரு கால் கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. பொறுத்துக்கொள். பர்னபேக்கும் சிஸ்டருக்கும் என் அன்பைச் சொல்.

நலம் என்று எழுதியிருக்கிறாய். அதை எதைக் கொண்டு சரிபார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ எழுதியபடியே எடுத்துக்கொள்கிறேன்.

உன் தங்கை,
ஒடில்